கைக்குள் அடங்கிய பேரலை

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலையைப் பார்க்காத கண்கள் இன்று குறைவு. தேநீர்க் கோப்பையில், சட்டையில், சுவர்ச் சித்திரத்தில் எல்லாம் அது எழுந்து நிற்கிறது. 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய 1000 யென் தாளின் பின்புறத்திலும் அதே அலைதான். இத்தனை இடங்களில் பார்த்துப் பழகியவர்கள், அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துப் பிரதி ஒன்றின் முன் போய் நின்றால் திகைத்துப்போவார்கள். படம் அவ்வளவு சிறியது. உயரம் சுமார் 25 சென்டிமீட்டர், அகலம் சுமார் 37. விரித்துப் பிடித்த வார இதழின் அளவுகூட இல்லை.

சுவரில் மாட்டி எட்ட நின்று பார்ப்பதற்காக அது செய்யப்படவில்லை. கடையில் வாங்கி வந்து மடியில் வைத்தோ விளக்கருகே பிடித்தோ பார்த்து, பிறகு பெட்டியில் போட்டு வைக்கும் தாள் அது. அன்றைய விலைக்கு ஒன்றிரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடலாம், அவ்வளவுதான். ஜப்பானியக் காட்சிக்கலை உலகெங்கும் செலுத்திய செல்வாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்தச் சாதாரண உண்மையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஜென் தத்துவம், வெறுமையின் அழகு, எளிமை, குறையில் காணும் நிறைவு என்று சொற்கள் வரிசைகட்டுகின்றன. தேநீர்ச் சடங்கின் மண்கிண்ணத்தைப் பற்றிப் பேசும்போது அவை பொருந்தும். ஆனால் வான்கோவின் தூரிகையைத் திருப்பியதும், நூறாண்டுக்குள் உலகத்து ஒளிப்படக்காரர்களின் பார்வையை அசைத்ததும் அச்சுப்பட்டறையிலிருந்து வந்த மலிவான தாள்தான். பல கைகள் சேர்ந்து செய்து, பல கைகளுக்குப் போய்ச் சேர்ந்த படம். டோக்கியோ ‘எடோ’ என்று அழைக்கப்பட்ட காலத்து மரக்கட்டை அச்சுக்கும் 1960களின் ஒளிப்படநூல்களுக்கும் நடுவே ஓடும் அந்த இழையைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்.

*

பல வண்ண அச்சுப்படம் பிறந்தது ஒரு நாட்காட்டி விளையாட்டில். எடோ காலத்துச் சந்திர நாட்காட்டியில் சில மாதங்களுக்கு 30 நாள், சிலவற்றுக்கு 29. எது நீண்ட மாதம், எது குறுகிய மாதம் என்பது ஆண்டுதோறும் மாறும். நாட்காட்டி வெளியிடும் உரிமையோ அனுமதி பெற்ற சிலரிடம் மட்டுமே இருந்தது. எடோ நகரத்தின் வசதி படைத்த கவிதைக் குழுவினர் மாத எண்களைப் படத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். ஒரு பெண்ணின் இடைக்கச்சைப் பூவேலைக்குள், காயும் துணியின் கோடுகளுக்குள் எண்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தாண்டில் நண்பர்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் பரிசு அது. 1765இல் இந்த மோகம் உச்சத்துக்குப் போனது. யாருடைய படம் அழகு என்ற போட்டியில் பணம் தாராளமாகப் புழங்க, சுசுகி ஹருநொபு வரைந்த படங்களில் நிறத்துக்கு ஒரு கட்டை என்று வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை கைகூடியது. சரிகைப் பட்டுபோல் மின்னியதால் அதற்கு ‘நிஷிகி-எ’, அதாவது சரிகைப்பட்டுப் படம், என்று பெயர் வந்தது. பரிசுக்காகச் செதுக்கிய கட்டைகளிலிருந்து மாத எண்களை எடுத்துவிட்டு, அதே படங்களைப் பதிப்பாளர்கள் கடையில் விற்கத் தொடங்கினார்கள். செல்வந்தர்களின் விளையாட்டு சில ஆண்டுகளில் தெருவுக்கு வந்துவிட்டது.

இந்த வேலையில் முதல் முடிவு பதிப்பாளருடையது. எந்தப் பொருள், எத்தனை நிறம், யார் வரைவது என்பதை அவர்தான் தீர்மானிப்பார். ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டுருவத்தை வரைந்து கொடுப்பார். செதுக்குநர் அந்தத் தாளை மலைச்செர்ரிப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, ஒவ்வொரு கோட்டின் இரு பக்கமும் உளியால் சீவி எடுப்பார். மரத்தோடு தாளும் போய்விடும். ஓவியர் தன் கையால் வரைந்த சித்திரம், படம் பிறக்கும்போதே அழிந்துவிடுகிறது.

இதை நம்பக் கடினமாக இருந்தால் ஒரு சான்று இருக்கிறது. 2020இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ஹொகுசாயின் 103 சிறு சித்திரங்களை வாங்கியது. உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் காட்டும் பெரும் படநூல் ஒன்றுக்காக அவர் வரைந்தவை அவை. அந்த நூல் வெளிவராமல் போனதால்தான் அவை பிழைத்தன. வெளிவந்திருந்தால் நூற்று மூன்றும் உளிக்கு இரையாகியிருக்கும். மேற்கத்தியக் கலைவரலாறு ‘மூலப்படைப்பு’ என்ற ஒற்றைப் பொருளைச் சுற்றிக் கட்டப்பட்டது. இங்கே அப்படி ஒன்று கிடையாது. பிரதிகள்தான் உண்டு, ஒவ்வொரு பிரதியும் படைப்புதான்.

அச்சிடுபவரின் பங்கு இன்னும் நுட்பமானது. பொறி எதுவும் இல்லை. முசுக்கொட்டை இனத்தைச் சேர்ந்த கோசோ செடியின் பட்டையில் செய்த தாளை ஈரப்பதத்தோடு எடுத்துக்கொள்வார். கட்டையில் நீர்வண்ணத்தையும் அரிசிப்பசையையும் தூரிகையால் பரப்பித் தாளை அதன்மேல் இறக்கி, மூங்கில் மடலால் பொதிந்த ‘பாரென்’ என்னும் வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்ப்பார். நிறம் தாளின்மேல் படிந்து நிற்பதில்லை, நாருக்குள் இறங்கிவிடுகிறது. கட்டையின் மூலையில் ஒரு செங்கோண வெட்டும் விளிம்பில் ஒரு நேர்வெட்டும் இருக்கும். ‘கெந்தோ’ என்று பெயர். அவற்றில் தாளைப் பொருத்தி இறக்கினால் பத்துக் கட்டைகளும் மயிரிழை விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழும். நம் அச்சகத்தார் ‘ரிஜிஸ்டர்’ என்று சொல்வது இதைத்தான். வானத்தின் மேல்விளிம்பில் அடர்ந்து கீழே வர வர மறையும் நீலத்தை ‘பொகாஷி’ என்கிறார்கள். அது கட்டையில் செதுக்கப்பட்டதில்லை. ஒவ்வொரு தாளுக்கும் அச்சிடுபவர் கட்டையிலுள்ள நிறத்தைத் துடைத்துத் துடைத்து உண்டாக்குவது. அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஒரு நிறம் கூடினால் ஒரு கட்டை கூடும், ஒருமுறை கூடுதலாகத் தேய்க்க வேண்டும், செலவு ஏறும். எனவே ஓவியர் எண்ணித்தான் நிறம் கேட்க முடியும். ஐரோப்பியர் பின்னால் கண்டு வியந்த தட்டையான நிறப்பரப்பும், தயங்காத கோடும், வெறுமையாக விட்ட தாளும் தத்துவ நூல்களிலிருந்து இறங்கி வந்தவை என்பதைவிட, பலகையின் இயல்பும் தாளின் இயல்பும் பதிப்பாளரின் கணக்கும் சேர்ந்து பெற்றெடுத்தவை என்பதே என் முடிபு. நெருக்கடிதான் அந்த அழகின் தாய்.

பேரலையின் நீலத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதுவரை ஜப்பானிய அச்சில் இருந்த நீலங்கள் இரண்டு. ஒன்று சிறு நீலப்பூ ஒன்றின் சாறு. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். மற்றது அவுரி. அதைக் கொண்டு ஆழமும் தெளிவும் சேர்ந்த நீலத்தை அச்சில் எடுப்பது கடினம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கை நீலம் டச்சுக் கப்பல்கள் வழியே நாகசாகிக்கு வந்தது. முதலில் விலை எட்டாததாக இருந்தது. 1820களில் சீன வணிகர்கள் வழியாகவும் வரத் தொடங்கியதும் விலை இறங்கி, 1829 வாக்கில் விசிறிப் படங்களில் தலைகாட்டியது. பெர்லின் என்ற ஊர்ப்பெயரே சிதைந்து ‘பெரோ’ என்று நிறத்தின் பெயரானது. நிஷிமுராயா யோஹாச்சி என்ற பதிப்பாளர், ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகளை இந்த நீலத்தில் வெளியிடப்போவதாக 1831 புத்தாண்டில் விளம்பரம் செய்தார். அவர் நீலத்தைத்தான் விற்றார். ஹொகுசாய்க்கு அப்போது வயது எழுபதைத் தொட்டிருந்தது. தொடர் நன்றாக விற்கவே முப்பத்தாறோடு மேலும் பத்து சேர்ந்தது. முதல் முப்பத்தாறில் உருவக்கோடுகளே கறுப்புக்குப் பதில் நீலத்தில் இருக்கும். பேரலை எண்ணாயிரம் பிரதிகளாவது அச்சாகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். கட்டை தேயத் தேயத் தலைப்புக் கட்டத்தின் கோடுகள் உடைந்துகொண்டே போவதைப் பார்த்து எது முந்திய பிரதி, எது பிந்தியது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

தொலைவில் ஃபூஜியைச் சிறிதாக்கி, அருகே அலையைப் பெரிதாக்கும் அந்தக் கோணமும் ஐரோப்பிய அச்சுப்படங்களிலிருந்து ஜப்பானியர் கற்றுத் தமதாக்கிக்கொண்டதுதான். ஆக, ஐரோப்பா பின்னால் மயங்கிய படத்தில் ஐரோப்பாவின் நீலமும் ஐரோப்பாவின் கோணமும் ஏற்கெனவே கரைந்திருந்தன.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. எடோ காலத்தில் பரவலாக விரும்பி உடுத்தப்பட்ட ஒரு கோட்டுப் பருத்தித் துணிக்கு ‘சாந்தொமே-ஜிமா’ என்று பெயர். சாந்தொமே என்பது மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம். ஜிமா என்றால் கோடு. சோழமண்டலக் கரையின் நெசவு கடல்கடந்து போய், பின்பு ஜப்பானிலேயே அதே பெயரில் நெய்யப்பட்டது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி நடத்திய துணி வணிகத்தின் ஒரு முனை நாகசாகியில் இருந்தது. அச்சுப்படங்களில் எடோ நகரத்து மனிதர்கள் கோடுபோட்ட உடையில் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வருகிறது.

இந்தத் தொழிலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஓவியர் உதாமரோவின் புகழ்பெற்ற பெண் உருவங்களில் பலர் யோஷிவாரா என்ற அனுமதி பெற்ற பாலியல் வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். சிறுவயதிலேயே கடனுக்காக விற்கப்பட்டவர்கள். படங்கள் அந்த விடுதிகளுக்கு விளம்பரமாகவும் இருந்தன. அந்தக் கழுத்து வளைவின் மென்மையைப் பாராட்டுகிறவர்கள் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அரசின் கண்ணும் இந்தத் தாள்கள்மேல் இருந்தது. உதாமரோவையும் ஷாராகுவையும் உலகுக்குத் தந்த பதிப்பாளர் ட்சுதாயா ஜூசபுரோவின் சொத்தில் பாதியை 1791இல் பறிமுதல் செய்தார்கள். 1804இல் உதாமரோவே ஐம்பது நாள் கைவிலங்கோடு இருக்க நேர்ந்தது. ஆயிரக்கணக்கில் பெருகி எளியவர் கைக்கும் போகிற படத்துக்கு அதிகாரம் அஞ்சியது.

*

1850களில் ஜப்பானின் துறைமுகங்கள் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தபின் இந்தத் தாள்கள் ஐரோப்பாவுக்குக் கட்டுக்கட்டாகப் போயின. பாரிஸில் அதற்கொரு மோகம் பிறந்து, 1872இல் ‘ஜப்போனிஸம்’ என்ற சொல்லும் வந்துவிட்டது. மோனே இருநூறுக்கும் மேற்பட்ட அச்சுப்படங்களைச் சேர்த்து வீட்டுச் சுவர்களில் மாட்டினார். மேரி கசாட் 1890இல் பாரிஸில் நடந்த பெரிய ஜப்பானிய அச்சுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, தாயும் சேயும் குளியலும் கடிதமுமாகப் பத்து வண்ண அச்சுப்படங்கள் செய்தார். லோத்ரெக்கின் சுவரொட்டிகள், தெபூஸியின் ‘கடல்’ இசைக்கோவைக்கு 1905இல் போட்ட அட்டை என்று இந்தப் பட்டியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நீட்டுவதில் பயனில்லை.

வான்கோ மட்டும் வேறு. அவரிடம் பணமில்லை, தம்பியின் தயவில் வாழ்ந்தவர். அப்படிப்பட்டவர் 1886-87 குளிர்காலத்தில் பாரிஸில் பிங் என்ற வணிகரின் கடையிலிருந்து அறுநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சுப்படங்களை வாங்கினார். விற்றுக் காசு பார்க்கலாம் என்றுதான் வாங்கினார். ஓர் உணவகத்தில் கண்காட்சிகூட வைத்தார். விற்கவில்லை. படங்கள் அவர் அறையிலேயே தங்கி அவரை மாற்றின. விலை கூடிய ஓவியங்களாக இருந்திருந்தால் அவற்றைச் செல்வந்தர் வீட்டில் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வந்திருப்பார். மலிவாக இருந்ததால் அவை இரவும் பகலும் அவர் கையருகே கிடந்தன.

1887இல் எடோ அச்சு ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு படங்களை அவர் எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார். ஒன்று கமெய்தோவின் பிளம் தோட்டம், மற்றது ஷின்-ஓஹாஷி பாலத்தின்மேல் திடீர் மழை. மழைப்படத்தின் அச்சுப் பிரதியையும் வான்கோவின் படியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு பெரிய பாடம். ஹிரோஷிகேயின் மழை இரண்டு கட்டைகளில், சற்றே மாறுபட்ட இரண்டு சாய்வுகளில் செதுக்கப்பட்டது. தலைமுடியளவு மெல்லிய கோடுகளை மரத்தில் எழுப்பி நிறுத்தியது செதுக்குநரின் கை. மேலே திரளும் கருமேகம் அச்சிடுபவர் துடைத்து உண்டாக்கியது. வான்கோ ஒற்றை ஆளாக இந்த மூன்று பேரின் வேலையையும் கெட்டியான எண்ணெய் வண்ணத்தில் செய்யப் பார்த்தார். மழை கோடாக நிற்காமல் தூரிகைத் தடமாகத் தடித்தது, ஆறு கொந்தளித்தது. சுற்றிலும் விட்ட சட்டத்தில் வேறு படங்களில் கண்ட ஜப்பானிய எழுத்துகளை அர்த்தம் தெரியாமலே வரைந்து நிரப்பினார். அவர் செய்தது படியெடுப்பாகத் தோற்றது. அந்தத் தோல்வியிலிருந்துதான் பிற்கால வான்கோ எழுந்தார் என்று நான் கருதுகிறேன். எல்லையிட்ட கோடு, கலக்காத நிறம், நிழலற்ற வெளிச்சம் ஆகிய மூன்றையும் 1890இல் அவர் வரைந்த பாதாம் பூக்களில் பார்க்கலாம். அங்கே ஜப்பானியப் பொருள் எதுவும் இல்லை. கற்ற பாடம் மட்டும் இருக்கிறது.

*

ஐரோப்பா இப்படி மயங்கிக்கிடந்த அதே ஆண்டுகளில் ஜப்பானில் அச்சுப்படத் தொழில் நலிந்துகொண்டிருந்தது. ஒளிப்படம் வந்துவிட்டது. ஆனால் கைகள் இடம்மாறினவே தவிர, மறையவில்லை. 1857-58 எழுச்சிக்குப் பிந்தைய லக்னோவின் இடிபாடுகளைப் படமெடுத்த ஃபெலிஸ் பேயட்டோ 1863இல் யோகோஹாமாவுக்கு வந்து படக்கூடம் வைத்தார். அங்கே கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மெல்லிய நீர்வண்ணம் ஏற்றியவர்கள் ஜப்பானியக் கலைஞர்கள். அச்சுப்பட மரபில் தேர்ந்த நுணுக்கம் அது. அரக்குப் பூச்சு அட்டைகளுக்குள் வைத்த வண்ண ஒளிப்படத் தொகுப்புகள் பயணிகளின் பெட்டிகளில் உலகெங்கும் போயின. ஒளிப்படம் அந்த நாட்டில் தொடக்கத்திலிருந்தே பலர் கைபட்ட, தைத்துக் கட்டிய, புரட்டிப் பார்க்கும் பொருளாகவே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அது இன்னும் உறுதிப்பட்டது. ஒளிப்படத்தைச் சட்டமிட்டு விற்கும் காட்சிக்கூடங்கள் ஜப்பானில் வெகுகாலம் இல்லை. ஒளிப்படத்துக்கென்றே தோன்றிய வணிகக் காட்சிக்கூடமான ஸைட்-ஃபோட்டோ 1978இல்தான் டோக்கியோவில் திறந்தது. ‘அசாஹி கேமரா’, ‘கேமரா மைனிச்சி’ போன்ற மாத இதழ்களும் அவற்றிலிருந்து விளைந்த நூல்களும்தான் ஒளிப்படக்காரருக்கு மேடை. இருட்டறையில் கழுவி எடுத்த படம் அச்சகத்துக்குக் கொடுக்கும் கச்சாப்பொருள் மட்டுமே, ஓவியர் செதுக்குநரிடம் கொடுத்த மெல்லிய தாளைப்போல.

இரண்டாம் உலகப் போரின் மிகக் கொடிய படங்களும் இதழ்த்தாளில்தான் மக்களை எட்டின. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் நிகழ்ந்ததைக் காட்டும் படங்களை அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் தணிக்கையில் அடக்கி வைத்திருந்தது. ஆக்கிரமிப்பு முடிந்த 1952இல், ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த நாளான ஆகஸ்ட் 6ஆம் தேதியிட்ட ‘அசாஹி கிராஃப்’ இதழ் அவற்றை வெளியிட்டது. லட்சக்கணக்கில் விற்றது. ஏழு ஆண்டுகள் கழித்துத்தான் ஜப்பானிய மக்கள் தம் நாட்டில் நடந்ததைக் கண்ணால் கண்டார்கள்.

டோமொன் கென் என்ற மூத்த ஒளிப்படக்காரர் 1957இல் ஹிரோஷிமாவுக்குப் போனார். தழும்புகளுக்கு இன்னமும் அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருந்த மருத்துவமனைகளைக் கண்டு, இத்தனை நாள் அறியாதிருந்தோமே என்று வெட்கினார். 1958இல் ‘ஹிரோஷிமா’ வெளிவந்தது. அடுத்து அவர் கியூஷு தீவின் சிகுஹோ நிலக்கரிப் பகுதிக்குப் போனார். எண்ணெய் வந்து நிலக்கரியை ஒதுக்கிய காலம். சுரங்கங்கள் மூடப்பட்டு, வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் மதிய உணவில்லாமல் பள்ளியில் உட்கார்ந்திருந்தார்கள். 1960இல் வந்த ‘சிகுஹோவின் குழந்தைகள்’ நூலை வழவழப்பான தாளில் அச்சிட வேண்டாம் என்று டோமொன் முடிவுசெய்தார். சுருட்டிக் கையில் பிடித்துக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். சொரசொரப்பான மட்டத்தாளில் அச்சாகி, விலை 100 யென் என்று வைத்து வந்த அந்த நூல் ஒரு லட்சம் பிரதிகள் விற்றது. டோமொன் படமெடுத்த முறைக்கு ஈடான கலைத்தீர்ப்பு அவர் தாளைத் தேர்ந்ததும் விலையைத் தேர்ந்ததும். அவர் ஹிரோஷிகேயின் வாரிசு என்று யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுவேன்.

அடுத்த தலைமுறை டோமொனின் தெளிவையே சந்தேகித்தது. 1968 நவம்பரில் ‘ப்ரொவோக்’ என்ற சிற்றிதழ் சுமார் ஆயிரம் பிரதிகளோடு வந்தது. விமர்சகர் தகி கோஜி, ஒளிப்படக்காரர்கள் நகாஹிரா தகுமா, தகானாஷி யுதகா, கவிஞர் ஓகாதா தகஹிகோ ஆகியோர் தொடங்கியது. இரண்டாம் இதழில் ஒளிப்படக்காரர் மொரியாமா டைடோ சேர்ந்தார். 1969 ஆகஸ்ட்டில் மூன்றாவது இதழோடு நின்றது. மூன்றே இதழ்கள்! அவர்களின் பாணிக்கு ‘அரே, புரே, போகே’ என்று பெயர் நிலைத்தது. சொரசொரப்பு, அசைவு, மங்கல் என்று தமிழில் சொல்லலாம். மாணவர் கிளர்ச்சி, வியட்நாம் போர், அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிர்ப்பு ஆகியவை சூழ்ந்த காலம். ஒழுங்காகத் தெளிந்த படம் உலகமும் ஒழுங்காக இருப்பதாகப் பொய் சொல்கிறது என்று அவர்கள் கருதினார்கள். மொரியாமா சுவரொட்டிகளையும் செய்தித்தாள்களையும் படமெடுத்து, அந்தப் படங்களை மறுபடி இதழில் அச்சிட்டார். அச்சின் புள்ளிகள்மேல் புள்ளிகள் ஏறின. 1972இல் வந்த அவருடைய ‘ஒளிப்படமே, போய்வருகிறேன்’ நூலில் கீறல் விழுந்த நெகட்டிவும் சுருளின் வால்நுனியும்கூடப் படமாயின. அராக்கி நொபுயோஷி 1970இல் தாம் வேலைபார்த்த அலுவலகத்தின் நகலெடுப்புப் பொறியிலேயே படங்களைப் பிரதியெடுத்துக் கட்டி, நண்பர்களுக்கும் முன்பின் அறியாதவர்களுக்கும் தபாலில் அனுப்பினார்.

மொரியாமாவின் ஆசான்களில் ஒருவர் அமெரிக்கரான வில்லியம் க்ளைன். 1956இல் வந்த க்ளைனின் நியூயார்க் நூல் டோக்கியோவின் இளைஞர்களைப் பித்தாக்கியது. அதுவும் நூல்தான். 2012இல் லண்டன் டேட் மாடர்ன் இருவரையும் ஒரே கண்காட்சியில் சேர்த்து வைத்தது. நீலம் பெர்லினிலிருந்து எடோவுக்குப் போய் அலையாகப் பாரிஸுக்குத் திரும்பியதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1974இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் பதினைந்து ஜப்பானிய ஒளிப்படக்காரர்களைக் காட்சிக்கு வைத்தது. சட்டமிடப்பட்ட படங்களாகத்தான் வைத்தது. இந்தக் கலை இதழிலும் நூலிலும் வாழ்வது என்று அமைப்பாளர்களே அறிந்திருந்தும், அருங்காட்சியகச் சுவருக்கு வேறு வழி தெரியவில்லை. நூல்களுக்கு உரிய இடம் மேற்கில் மெல்லத்தான் வந்தது. 2004இல் மார்ட்டின் பார், கெரி பேஜர் இருவரும் எழுதிய ஒளிப்படநூல் வரலாறு ஜப்பானிய நூல்களுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. இன்று உலகின் பல நகரங்களில் இளம் ஒளிப்படக்காரர்கள் கண்காட்சியைவிட முதலில் சிறு நூல் போட நினைக்கிறார்கள் என்றால், அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஆழமானது டோக்கியோவில் இருக்கிறது. அதோடு ஒரு துயரமும் சேர்ந்துவிட்டது. எளியவர் வாங்க வேண்டும் என்று அச்சிட்ட நூல்கள் இன்று சேகரிப்பாளர்களின் ஏலப்பொருளாகிவிட்டன.

*

காலவரிசையில் முன்பே வந்திருக்க வேண்டிய ஒரு நூலைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தேன். கவாடா கிகுஜியின் ‘சிஸு’. தமிழில் ‘நிலவரைபடம்’. 1965 ஆகஸ்ட் 6 அன்று, குண்டு விழுந்து சரியாக இருபது ஆண்டு கழித்து வெளிவந்தது. ஹிரோஷிமாவில் எஞ்சி நிற்கும் குவிமாடக் கட்டடத்தின் சுவர்களில் படிந்த கறைகளை கவாடா படமெடுத்திருந்தார். கறுத்து, கசிந்து, உரிந்து கிடக்கும் அந்தப் பரப்புகளில் நாடுகளின் எல்லைகள்போலவும் வெந்த தோல்போலவும் ஏதோ தெரிகிறது. இவற்றோடு நனைந்து கசங்கிய தேசியக்கொடி, நசுங்கிய அமெரிக்க சிகரெட் பெட்டி, கோக்கக்கோலா புட்டிகள், தற்கொலைத் தாக்குதலுக்குப் போய் இறந்த இளம் வீரர்களின் உருவப்படங்கள்.

கவாடா முதலில் இதை இரண்டு தொகுதிகளாகத் திட்டமிட்டார். கறைகள் ஒரு தொகுதி, பொருள்கள் ஒரு தொகுதி. அந்தக் கையாலான மாதிரி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. 2021இல் லண்டனின் மேக் பதிப்பகம் அதைப் பார்த்தே இரு தொகுதிகளாக அச்சிட்டது. 1965இல் வெளிவந்த நூலோ ஒரே தொகுதி. மாற்றத்துக்குக் காரணம் வடிவமைப்பாளர் சுகியுரா கோஹே. கட்டடக்கலை படித்து நூல் வடிவமைப்புக்கு வந்தவர், ஜெர்மனியின் உல்ம் வடிவமைப்புப் பள்ளியில் பாடம் நடத்தியவர். அவர் பக்கங்களை ஜப்பானிய நூற்கட்டுநர்கள் ‘கண்ணோன்-பிராகி’ என்று சொல்லும் முறையில் மடித்தார். கண்ணோன் என்பது அவலோகிதேசுவரரின் ஜப்பானியப் பெயர். அவர் உருவம் இருக்கும் மாடத்தின் கதவுகள் இரண்டு பக்கமும் திறப்பதுபோல் தாள் திறக்கும். மூடிய கதவில் ஒரு படம். திறந்தால் உள்ளே கறை விரிகிறது. பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. இரண்டாகக் கிடந்தவற்றை சுகியுராவின் மடிப்பு உள்ளும் புறமுமாக்கிவிட்டது. நாவலாசிரியர் ஓயே கென்ஸாபுரோ எழுதிய உரையும் நூலோடு சேர்ந்து வந்தது.

இந்த நூலின் ஆசிரியர் யார் என்று கேட்டால் கவாடா என்று ஒரே பெயரைச் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஹொகுசாயின் அலையில் செதுக்கியவரும் அச்சிட்டவரும் இருப்பதுபோல, இங்கே மடித்தவரும் கறுப்பை ஆழமாக இறக்கிய அச்சகத்தாரும் இருக்கிறார்கள்.

‘சிஸு’வின் படங்களை இணையத்தில் எளிதாகப் பார்த்துவிடலாம். ஒன்றன்பின் ஒன்றாக, தட்டையாக, கதவுகள் இல்லாமல் வரும். அதைப் பார்த்துவிட்டு நூலைப் பார்த்ததாக எண்ணிவிடாதீர்கள். அதன் மறுபதிப்பு ஒன்று நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ கண்ணில் பட்டால் மேசையருகே உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஒவ்வொரு மடிப்பையும் திறந்து பாருங்கள்.